தேன்கனிக்கோட்டையா, ராயக்கோட்டையா, கிருஷ்ணகிரியா? பெங்களூரை விட்டுப் போனவங்க சொல்லுங்க

பொம்மனஹள்ளிக்காரன்
வணக்கம். 27 வருஷமா பெங்களூரு. பொம்மசந்திராவுல ஒரு மெஷின் ஷாப்ல இருந்தேன், போன மாசம் கணக்கு முடிச்சுக் குடுத்துட்டாங்க. வயசு 53. பொண்ணு வேலைக்குப் போறா, பிஜி ஹாஸ்டல்ல இருக்கா. வீட்டுல நான், மனைவி, சர்க்கரை இருக்கிற 78 வயசு அம்மா. 2024 மார்ச்ல தண்ணி டேங்கர்காரனுக்குப் போன் போட்டுப் போட்டுக் கை ஓஞ்சதுல இருந்து மனைவிக்கு ஒரே பேச்சு: "எங்கயாவது சின்ன ஊராப் பார்த்துப் போயிடலாம்."

சொந்த ஊர் செய்யாறு பக்கம். பாகம் பிரிச்சப்பவே அங்க எல்லாம் முடிஞ்சுபோச்சு. பொண்ணு எட்டுற தூரத்துல இருக்கணும்னு கிருஷ்ணகிரி மாவட்டத்துல தேடுறேன். மூணு ஞாயித்துக்கிழமை வண்டியை எடுத்துக்கிட்டுச் சுத்திட்டேன். தேன்கனிக்கோட்டை குளிர் மனசைப் புடிச்சிருச்சு. அங்க ஒரு புரோக்கர், "ஏர்போர்ட் வருது சார், இப்பப் போட்டா மூணு மடங்கு"ங்கிறாரு. கையில இருக்கிறது ஒரு சைட் (மனை) வாங்கி சின்னதா வீடு கட்டுற அளவுதான். தப்புப் பண்ணினா திரும்பப் பண்ண முடியாது. எந்த ஊர்?

திரும்பிவந்தவன்
எந்த ஊரும் வேண்டாம், இங்கயே இருங்க.

2021-ல வேலை வீட்டுல இருந்துன்னு ஆனதும் தேன்கனிக்கோட்டை தாண்டி ஒரு கிராமத்துல வீடு எடுத்தேன். முதல் ஆறு மாசம் சொர்க்கம். நவம்பர் வந்துச்சு. ராகி கதிர் முத்துற நேரம் பன்னேர்கட்டா காட்டுல இருந்து ஜவளகிரி வழியா யானைக்கூட்டம் இறங்கும், வருஷா வருஷம் நடக்கிறதுதான். ஒரு ராத்திரி தெருநாய் எல்லாம் ஒரே நேரத்துல குரைப்பை நிறுத்துச்சு. பக்கத்து வீட்டுக்காரர் போன்ல, "சார், வாசல் விளக்கை அணைங்க, வெளிய வராதீங்க." காலைல பார்த்தா எதிர் வயல் பாய் விரிச்ச மாதிரி படுத்துக் கிடக்கு. வரப்புல யானை லத்தி, அதுல செரிக்காத ராகி. அந்த வயல்காரர் பரண்ல உக்காந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்திருக்காரு. அவரால என்ன பண்ண முடியும்?

அதுக்காகக்கூட நான் திரும்பி வரலை. மாமியாருக்கு ஒரு ராத்திரி நெஞ்சுவலி. 108 இருபத்தஞ்சு நிமிஷத்துல வந்துருச்சு, குறை சொல்ல மாட்டேன். முதல்ல போன இடத்துல இசிஜி எடுக்க ஆள் இல்லை. ஓசூர் போனோம். அங்க ஒரு ஆஸ்பத்திரில, "பெங்களூரு கூட்டிட்டுப் போயிடுங்க." கர்நாடகா எல்லை, அத்திப்பள்ளியில லாரி வரிசை. கடைசில சேர்த்தது நாங்க காலி பண்ணிட்டுப் போன வீட்டுல இருந்து ரெண்டு கிலோமீட்டர்ல இருக்கிற ஆஸ்பத்திரியில. பிழைச்சுட்டாங்க. அடுத்த மாசமே வீட்டைக் காலி பண்ணிட்டேன்.

உங்க வீட்டுல 78 வயசு அம்மா. அவ்வளவுதான் நான் சொல்றது.

தக்காளிமண்டி
அண்ணா, காட்டு ஓரத்துல வீடு எடுத்துட்டு சின்ன ஊரையே திட்டினா எப்படி? யானை உங்க வீட்டுக்கு வரலை, நீங்கதான் யானை பாதையில போயி உக்காந்தீங்க.

நான் 2020-ல இருந்து ராயக்கோட்டை. கணக்கு எழுதுற வேலை, வீட்டுல இருந்தே. சேலம், தர்மபுரி, ஓசூர், பெங்களூரு லைன்ல ஸ்டேஷன் இருக்கு. ஓசூர் தாண்டினா ஒரே தடம்தான், கிராசிங்ல நிக்கும், ஆனா போயிச் சேரலாம். விடியுறதுக்கு முன்னாடியே மண்டி முழிச்சிடும், தக்காளிப் பெட்டி இறக்குற சத்தத்துலதான் எங்க தெரு எழுந்திரிக்கும். 2023 ஜூலைல நாடு முழுக்க கிலோ நூறு ரூபாய் தாண்டினப்போ மண்டியே கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு. விலை விழுந்தா அதே தக்காளியை ரோட்டோரம் கொட்டிட்டுப் போவாங்க. ஊர்ல மத்த கடைக்காரன் முகமும் அந்த விலையைப் பார்த்துத்தான் மாறும். இதைப் பழகிக்கணும்.

ஒண்ணு மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க: தண்ணி. கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு மாவட்டத்துலயும் நிறைய இடத்துல போர் தண்ணில ஃபுளோரைடு ஜாஸ்தி. பல்லு பழுப்பாகும், வருஷக்கணக்காக் குடிச்சா எலும்பு பிடிச்சுக்கும். காய்ச்சினா போகாது, தண்ணி வத்தி இன்னும் கெட்டியாத்தான் ஆகும். அதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தாங்க. 2008-ல அடிக்கல், கர்நாடகாவுல பெரிய எதிர்ப்பு, 2013-ல திறந்தாங்க. உங்க வீட்டு அக்கா கிணறு இருக்கிற ஊர் கேட்டாங்கன்னா, கிணத்தை விடுங்க, ஒகேனக்கல் குழாய் அந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தரம் வருதுன்னு கேட்டுட்டு அப்புறம் வீட்டைப் பாருங்க. புரோக்கர்கிட்ட கேக்காதீங்க. குடத்தோட நிக்கிற பொம்பளைங்ககிட்ட கேளுங்க.

அல்சூர்_மாமா
1991 டிசம்பர் காவிரிக் கலவரத்துலயே ஊரை விட்டுப் போகாதவன் நான். டேங்கர் லாரிக்குப் பயந்தா போகப்போறேன்? துணி சுத்தி வச்சிருந்த வள்ளுவர் சிலையை 18 வருஷம் கழிச்சு 2009-ல திறந்தப்போ ஏரிக்கரையில கூட்டத்தோட கூட்டமா நின்னேன். என் ஊர் இதுதான்.

கிராமம்னா சுத்தமான தண்ணி, காத்துன்னு பேசுறீங்க. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணையில நுரை பொங்கிப் பாலத்தை மூடுதே, அது எங்கேருந்து வருது? தென்பெண்ணை இங்க நந்தி மலையில பிறந்து நம்ம பெல்லந்தூர், வர்த்தூர் சாக்கடையை வாங்கிக்கிட்டுத்தான் அங்க போகுது. பெங்களூரை விட்டு ஓடினாலும் பெங்களூரு பின்னாடியே வரும் தம்பி.

தக்காளிமண்டி
மாமா, நீங்க அனுப்புற நுரைக்கு எங்க ஊரைத் திட்டுறீங்களே, நல்லா இருக்கு நியாயம் :)

ஹைப்ரிட்_குமார்
அந்த ஏர்போர்ட் கதைக்கு மட்டும் பதில். 2024 ஜூன்ல சட்டசபையில முதல்வர் அறிவிச்சது நிஜம்: ஓசூர்ல 2000 ஏக்கர், வருஷத்துக்கு 3 கோடிப் பயணிகள். ஆனா பெங்களூரு ஏர்போர்ட் ஒப்பந்தத்துல 2033 வரைக்கும் 150 கிலோமீட்டருக்குள்ள புதுசா வரக் கூடாதுன்னு ஷரத்து இருக்கு. 53 வயசுல ஏர்போர்ட்டை நம்பி சைட் வாங்காதீங்க. வாங்கினா 2016-க்கு அப்புறம் போட்ட அங்கீகாரமில்லாத மனையைத் தொடவே தொடாதீங்க, பதிய மாட்டாங்க. வில்லங்கம் நீங்களே ஆன்லைன்ல போட்டுப் பாருங்க.

உங்க பொண்ணுக்கு: 2025 ஆகஸ்ட்ல இருந்து பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோ இருக்கு. அதுவரைக்கும் மெட்ரோ, அங்கேருந்து பஸ். சில்க் போர்டு டிராஃபிக்ல நிக்க வேண்டியதில்லை.

வாசல்கோலம்
எல்லாரும் தண்ணி, யானை, ஏர்போர்ட்னு பேசுறீங்க. நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

நாங்களும் அந்த மாவட்டத்துல ஒரு டவுன்ல வீடு பார்த்தோம். பேரைச் சொல்ல வேண்டாம். வீடு புடிச்சுப்போச்சு, வாசல்ல வேப்பமரம், திண்ணை. வீட்டுக்காரம்மா மோர் குடுத்தாங்க. பாதி குடிச்சிருப்பேன், "நீங்க என்ன ஆளுங்கம்மா?" என் வீட்டுக்காரர் கம்பெனி பேரைச் சொன்னாரு. அந்தம்மா சிரிச்சுக்கிட்டே, "அது இல்லப்பா." டம்ளரை எங்க வைக்கிறதுன்னு தெரியாம கையிலயே வச்சுக்கிட்டு நின்னேன். மறுநாள் போன்ல, "பையன் வந்து இருக்கப் போறான், வீடு குடுக்கலை."

திரும்பிவந்தவன் அண்ணன் ஆஸ்பத்திரியைச் சொல்றாரு. எனக்கு இதுதான் பெரிசு. இங்க ஈஜிபுராவுல எதிர்வீட்டுக்காரங்க பேரே எனக்குத் தெரியாது, அது ஒரு நிம்மதி.

தக்காளிமண்டி
இல்லைன்னு சொல்ல மாட்டேன் அக்கா. என்னையும் கேட்டாங்க. நாலாவது வீட்டுலதான் கேக்காம சாவி குடுத்தாங்க, அது ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீடு.

ஆனா பெங்களூருல கேக்கலைன்னா சொல்றீங்க? "வெஜ்ஜா நான்வெஜ்ஜா"ன்னு கேப்பாங்களே, அது என்ன சமையல் குறிப்பு கேக்கிறதா? அதே கேள்விதான், பேண்ட் சட்டை போட்டிருக்கு.

வாசல்கோலம்
இங்க அந்தக் கேள்வி வாடகைக்குப் போறப்போ ஒரு தரம். அங்க பால்காரர்ல இருந்து கோயில் வரிசை வரைக்கும். அதான் வித்தியாசம்.

அல்சூர்_மாமா
இந்தப் பொண்ணு சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

திரும்பிவந்தவன்
தக்காளிமண்டி, உங்களுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு ஒண்ணுன்னா எங்க போவீங்க? நேராப் பதில் சொல்லுங்க, தண்ணிக்குத் தாவாதீங்க.

தக்காளிமண்டி
கிருஷ்ணகிரி. 2022-ல இருந்து அங்க மெடிக்கல் காலேஜ் இருக்கு. போக முக்கால் மணி ஆகும், எனக்கு 41 வயசு, அதுக்குத் துணிஞ்சுதான் இருக்கேன். 78 வயசு அம்மாவை வச்சுக்கிட்டுத் துணிவேனான்னு கேட்டீங்கன்னா... மாட்டேன். அண்ணனுக்கு ராயக்கோட்டை வேண்டாம். என் வாயாலயே சொல்ல வச்சுட்டீங்க.

ஹைப்ரிட்_குமார்
கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் கிடையாது தெரியுமில்ல? ஒரு காலத்துல திருப்பத்தூர்ல இருந்து சின்ன லைன் ஓடிச்சு, 1941-ல மூடினது மூடினதுதான்.

திரும்பிவந்தவன்
வெயிலும் இருக்கு. ஓசூர் 900 மீட்டர் உயரம், கிருஷ்ணகிரி 500 பக்கம். பர்கூர் பாறை எல்லாம் ராத்திரி முழுக்க சூடு கக்கும். ஏப்ரல்ல போயிப் பாருங்க. குளிர்ல விழுந்து தேன்கனிக்கோட்டை போன மனுஷன் அதைத் தாங்குவாரா?

ஆனா ஒண்ணு ஒத்துக்கிறேன். அங்க ஹைவேல ராத்திரி முழுக்க பஸ். இருட்டுனா ஊர் செத்துப்போற கதை அங்க இல்லை.

பொம்மனஹள்ளிக்காரன்
மூணு வாரமாப் பதில் போடலை, மன்னிக்கணும். ஞாயித்துக்கிழமை போறதை விட்டுட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை மனைவியையும் கூட்டிக்கிட்டுப் போயி ராத்திரி தங்கினோம். முதல்ல ராயக்கோட்டை. ஸ்டேஷன் பக்கம் ஒரு டீக்கடையில தண்ணி கேட்டா மனைவி. டம்ளரைக் கொண்டுவந்து வச்ச பாட்டி சிரிச்சாங்க, முன்பல் ரெண்டுலயும் காப்பிக் கறை மாதிரி கோடு. "இது போர் தண்ணிப் பல்லு கண்ணு. பேரனுக்கு இல்லை பாரு"ன்னு பையனைக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொன்னாங்க. அவன் பல்லு வெள்ளையா இருந்துச்சு. தக்காளிமண்டி சொன்னது அப்பத்தான் புரிஞ்சுது.

அப்புறம் கிருஷ்ணகிரி. வெயில் மண்டையைப் பொளந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். தெருவெல்லாம் மாங்காய் லாரி, கூழ் ஃபேக்டரிக்குப் போற கிளிமூக்கு மாங்காய். அங்க அதுக்குப் பேரே பெங்களூரா. மனைவி, "இங்கயும் பெங்களூரா?"ன்னு தலையில கை வச்சா.

சைட் வாங்கலை. பழையபேட்டையில வாடகைக்கு ஒரு கீழ்வீடு, பதினோரு மாசம். ஒரு வெயில் காலம் பார்த்துட்டு அப்புறம் யோசிப்போம். முதல் ரெண்டு வீட்டுல வாசல்கோலம் சொன்ன அதே கேள்வி, எழுந்து வந்துட்டோம்.

வாசல்கோலம்
மூணாவது வீட்டுல?

பொம்மனஹள்ளிக்காரன்
கேக்கலை. "எத்தனை பேரு தண்ணி புழங்குவீங்க?" அது மட்டும்தான் கேட்டாரு.

அல்சூர்_மாமா
அட்வான்ஸ் எவ்வளவு? இங்க மாதிரி பத்து மாசமா? நீ என்ன சொன்னே தண்ணிக்கு?

பொம்மனஹள்ளிக்காரன்
மூணு மாசம்தான் மாமா. தண்ணிக்கு, "மூணு பேரு சார், பொண்ணு வந்தா ஞாயித்துக்கிழமை நாலு"ன்னேன்.