மெலீனா: ‘கருமலம்’ போதுமா, ‘தார்மலம்’ வேண்டுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

உணவுப்பாதையின் மேற்பகுதியில் கசிந்த குருதியால் மலம் கறுத்துப் போவதை ‘மெலீனா’ என்பர். நாம் தொகுத்துவரும் மருத்துவக் கலைச்சொற் பட்டியலில் அதைக் ‘கருமலம்’ எனலாம் என்று சென்ற மடலில் நண்பர் ஒருவர் முன்மொழிந்திருந்தார். சொல் சுருக்கமானது, கிரேக்க மூலத்தின் ‘கறுப்பு’ என்ற பொருளுக்கும் நேரானது. ஆயினும் அச்சொல்லால் நோயாளிக்குத் தீங்கு நேரலாம் என்பதால் அதை மறுக்கிறேன்.

இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவர்களுக்கும் மலம் கறுப்பாகவே போகும். அதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. மெலீனா அதுவன்று. களத்திலோ (உணவுக்குழாயிலோ) இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ கசிந்த குருதி, குடல் நெடுகிலும் இறங்கும்போது அமிலத்தாலும் நொதியங்களாலும் பற்றீரியாக்களாலும் சிதைந்து, அதிலுள்ள ஈமோகுளோபின் கறுத்து, பளபளப்பும் பிசுபிசுப்பும் கடும் துர்நாற்றமும் கொண்ட மலமாக வெளியேறுவதையே அச்சொல் குறிக்கிறது. ஏறத்தாழ 50 முதல் 100 மில்லிலீற்றர் குருதி கசிந்தாலே மலம் இவ்வாறு மாறிவிடும். ஆகவே, பெயரில் நிறம் மட்டும் இருந்தால் போதாது. ஒட்டும் தன்மையும் இருக்க வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் முழங்கால் நோவுக்கு வாரக்கணக்கில் குளிசை எடுத்துவந்த மூதாட்டி ஒருவர், “கறுப்பாத்தான் போகுது, அது சத்துக் குளிசையாலை” என்று சொல்லி இரண்டு நாளைக் கடத்திவிட்டார். “ரோட்டுத் தார் மாதிரி ஒட்டுதோ அம்மா?” என்று மகள் கேட்டபோதுதான் உண்மை வெளிவந்தது, இரைப்பைப் புண்ணிலிருந்து குருதி கசிந்துகொண்டிருந்தது. அந்த மகளின் கேள்வியிலிருந்தே ‘தார்மலம்’ என்ற சொல்லை எடுத்தேன்.

‘தார்’ ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் என்ற மறுப்பு எழும். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், இரசாயனவியலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்றே பெயரிட்டார். கடன்சொல்லைத் தமிழோசைக்குள் கொண்டுவர அவர் தயங்கவில்லை. தூய தமிழில் ‘கீல்’ உண்டு. ஆனால் ‘கீல்வாதம்’ பழகிய காதுக்குக் ‘கீல்மலம்’ மூட்டு நோயையே நினைவூட்டும். வாழைத்தாருடன் குழம்புமோ என்று தமிழகத்து நண்பர்கள் ஐயுறலாம். நாங்கள் வாழைக்குலை என்பதால் இங்கே அக்குழப்பத்துக்கு இடமில்லை. ‘சமிபாடடைந்த குருதிமலம்’ என்பது விளக்கமாகும், பெயராகாது.

மிருக வைத்தியத்திலும் இதே சொல்லை ஆள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கொழுக்கிப்புழு சிறுகுடலில் பற்றிக் குருதி உறிஞ்சும் நாய்க்குட்டி தார்மலம் கழிக்கும். முரசு (பல்லீறு) வெளிறிச் சோர்ந்துபோகும். தாய்ப்பால் வழியே அப்புழு தொற்றுவதால் சில வாரக் குட்டிகள்கூட இறந்துவிடும். மனிதருக்கான அஸ்பிரினையோ இபுபுரோபனையோ நாய்க்குக் கொடுத்தாலும் இரைப்பை புண்ணாகி இதே அறிகுறி தோன்றலாம். பாவோ வைரசுத் தொற்றில் பெரும்பாலும் காணப்படுவது செந்நிறக் குருதி கலந்த கழிச்சல். அதற்குச் ‘செங்குருதிக் கழிச்சல்’ பொருந்தும். மனிதரில் மூலத்திலிருந்தோ நேர்குடலிலிருந்தோ சிவப்பாகவே வருவதைச் ‘செங்குருதி மலம்’ எனலாம். பித்தக்கான் அடைபட்டு வெளுத்துப் போவதற்கு ‘வெளிர்மலம்’ என முன்னரே இசைந்துள்ளோம்.

‘கறுப்பு மலம்’ என்பதை நிறத்தை மட்டும் குறிக்கும் பொதுச்சொல்லாகவும், ‘தார்மலம்’ என்பதைக் குருதிக் கசிவின் அறிகுறிக்குரிய கலைச்சொல்லாகவும் பிரித்து, இரண்டையும் பட்டியலில் அடுத்தடுத்து இடுமாறு வேண்டுகிறேன். ‘தார்மலம்’ ஒரே சொல்லாக, இடைவெளியின்றி எழுதப்பட வேண்டும்.