ஒகஸ்ட் கடைசியில் வட சுவீடன்: வழிகாட்டியோடு எட்டு நாள் கூடார நடை, கொழும்பிலிருந்து எப்படி ஆயத்தமாவது?

பம்பலப்பிட்டி வாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஒகஸ்ட் கடைசி வாரம் வட சுவீடனில் அபிஸ்கோவிலிருந்து நிக்கலுவொக்தா வரை நடக்கும் ஒரு பயணத்தில் நானும் மனைவியும் சேர யோசிக்கிறோம். கிட்டத்தட்ட 105 கிலோமீற்றர், எட்டுப் பேர், ஒரு வழிகாட்டி, இரவெல்லாம் கூடாரம். கூடாரம், அடுப்பு, காலை இரவுச் சாப்பாடு அவர்கள் பொறுப்பு. உடுப்பு, சப்பாத்து, உறக்கப்பை, பகலில் கொறிக்கும் சாப்பாடு எங்கள் பொறுப்பு. ஆளுக்கு 17 கிலோ வரை சுமக்க வேண்டி வருமாம்.

நுவரெலியாவுக்கென்று வாங்கிய தடித்த ஜக்கெட் இருக்கிறது, அது போதுமா? அலுமாரியில் சில வருடமாகக் கிடக்கும் மலைச் சப்பாத்து இருக்கிறது, புதிதாகப் பார்க்கும் அளவுக்கு நல்ல நிலையில். மனைவி மரக்கறி மட்டும்தான். விசா, காப்புறுதி பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடதிசை:

தம்பி, ஜக்கெட்டிலிருந்து தொடங்குகிறேன். ஒகஸ்ட் கடைசியில் அந்தப் பக்கம் ஆளை வீழ்த்துவது 5 பாகையில் காற்றோடு சேர்ந்து அடிக்கும் மழை. காய்ந்த குளிர் பூச்சியத்துக்கு இறங்கினாலும் நடக்கிறவருக்குச் சமாளிக்கலாம். நனைந்த உடம்பில் காற்றுப் பட்டால் பத்துப் பாகையிலேயே உடம்புச் சூடு இறங்கத் தொடங்கும். ஆகவே உங்கள் ஆயத்தம் முழுவதும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்க வேண்டும்: இரவில் படுக்கும்போது காய்ந்த உடுப்பும் காய்ந்த உறக்கப்பையும் கையில் இருக்கிறதா?

உடுப்பு அடுக்கடுக்காகப் போடுங்கள். தோலோடு ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பொலியெஸ்டர் நீட்டுக்கை பெனியன். அதற்கு மேல் மெல்லிய ஃப்ளீஸ். அதற்கு மேல் தலைமூடி வைத்த மழை ஜக்கெட், மழைக் காற்சட்டை. வாங்கும்போது உட்பக்கம் புரட்டிப் பாருங்கள், தையல் முழுவதும் நாடா ஒட்டியிருக்க வேண்டும். பருத்தியும் ஜீன்ஸும் வேண்டவே வேண்டாம், ஒருமுறை நனைந்தால் அந்தப் பயணம் முடியும்வரை காயாது. குடையும் பொன்சோவும் கணவாய்க் காற்றில் நிற்காது. பொன்சோ பறந்து முன்னால் விழுந்து கால் வைக்கும் கல்லை மறைத்துவிடும், அதுதான் பெரிய ஆபத்து.

உங்கள் நுவரெலியா ஜக்கெட் நடக்கிறபோது போட அல்ல. நடை நின்றதும் மற்ற எதற்கும் முன் அதைப் போட வேண்டும், குளிரும்வரை காத்திருக்கக் கூடாது. மறுபடி கிளம்பும்போது, கொஞ்சம் குளிர்கிறதே என்று தோன்றினாலும், கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். உள்ளே வியர்த்தாலும் நனைந்தது நனைந்ததுதான்.

இனி எல்லோரும் பிழை விடும் இடம். உறங்குவதற்கென்று ஒரு சோடி உள்ளுடுப்பும் ஒரு சோடி கம்பளிச் சொக்ஸும் தனியாக நீர்புகாப் பைக்குள் இருக்கும். அதைப் பகலில் தொடவே கூடாது. இரண்டாம் நாள் காலை, நேற்றைய ஈர உடுப்பை மறுபடி போடச் சங்கடப்பட்டு, காய்ந்ததைப் போட்டுக்கொண்டு கிளம்பினால் மத்தியானத்துக்குள் இரண்டு சோடியும் ஈரம். அன்றிரவு போட்டுப் படுக்கக் காய்ந்தது எதுவும் இல்லை. ஈரத்தை மறுபடி போடும் அந்த ஐந்து நிமிடம் கொடுமைதான். நடக்கத் தொடங்கினால் உடம்புச் சூட்டில் மறந்துபோகும்.

முதுகுப்பைக்கு மேலே போடும் மழை உறையை நம்ப வேண்டாம். காற்று கழற்றும், முதுகுப் பக்கத்தால் தண்ணீர் இறங்கும். தடித்த குப்பைப் பையொன்றைப் பைக்குள் விரித்து, சாமான்களை அதற்குள் அடுக்கி, வாயை முறுக்கி உள்ளே மடித்துச் செருகுங்கள். கடையில் விற்கும் எந்த உறையையும் விட அது நன்றாக வேலை செய்யும்.

உறக்கப்பையில் மூன்று எண் எழுதியிருக்கும். ‘கம்ஃபர்ட்’ என்பதை மட்டும் பாருங்கள். ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் தப்புவதற்கான கணக்கு, உறங்குவதற்கல்ல. பயண நாட்களில் இரவு பூச்சியத்தைத் தொடலாம், எங்கள் உடம்பும் 28 பாகைக்குப் பழகியது. ஆகவே கம்ஃபர்ட் −5 உள்ளதை எடுங்கள். பாயில் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம். உறக்கப்பையின் அடிப்பக்கம் உடல் பாரத்தில் நசுங்கி வெப்பம் பிடிக்காது, நிலத்துக் குளிரைத் தடுப்பது பாய்தான். பாய் குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் ஆர் மதிப்பு 3.5க்குக் குறையாமல் இருக்கட்டும்.

பாதையைப் பற்றி ஒன்று. கல்லில் சிவப்புப் பூச்சு அடித்திருப்பது கோடைப் பாதை. கம்பத்தில் சிவப்புப் பெருக்கல் குறி வைத்திருப்பது பனிக்காலப் பாதை, அது உறைந்த ஏரிக்கும் சதுப்புக்கும் மேலால் போகும். மூடுபனியில் கம்பம்தான் தூரத்திலிருந்து தெரியும், அதைப் பிடித்துக்கொண்டு போனால் சதுப்பில் நிற்பீர்கள். வழிகாட்டி இருந்தாலும் இதைத் தெரிந்து வைத்திருங்கள்.

சப்பாத்துக்காரன்:

அந்தப் பழைய சப்பாத்தைக் கொண்டுபோக வேண்டாம். வெளித்தோல் புதிதுபோல இருக்கும், அதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அடியில் தரையைத் தொடும் ரப்பருக்கும் மேல் தோலுக்கும் நடுவில் பொலியூரித்தேன் நுரை ஒன்று இருக்கும். கொழும்பு மாதிரி ஈரப்பதன் உள்ள ஊரில் பாவிக்காமல் கிடந்தால் அந்த நுரை காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபட்டு உள்ளுக்குள்ளேயே சிதையும். பெருவிரலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள். மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிந்தாலோ, நகம் பதிந்த இடம் பொடியாக உதிர்ந்தாலோ கதை முடிந்தது. வீட்டுக்குள் நடந்தால் ஒன்றும் ஆகாது. சுமையோடு கல்லில் நடக்கும் முதல் சில மணிநேரத்தில் அடி அப்படியே கழன்று வரும். பசை போட்டு ஒட்டவும் முடியாது, ஒட்டுவதற்கு அங்கே நுரையே இருக்காது.

புதிதை மாலையில் வாங்குங்கள், கால் சற்று வீங்கியிருக்கும் நேரம். தடித்த சொக்ஸோடு போட்டு, நாடா கட்டாமல் விரலை முன்னால் முட்டவிட்டு நின்றால், குதிக்குப் பின்னால் ஒரு சுட்டுவிரல் நுழைய வேண்டும். இடமில்லாவிட்டால் இறக்கத்தில் பெருவிரல் நகம் கறுக்கும். பயணத்துக்கு முன் ஆறு வாரமாவது அதோடு நடந்து பழக்குங்கள். நடையில் எங்காவது சூடாக உரசுவதுபோல் இருந்தால் உடனே குழுவை நிறுத்தி பிளாஸ்டர் ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டிப் பயனில்லை.

பழைய கூடாரம், மழை ஜக்கெட் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. உட்பூச்சு பிசுபிசுவென்று ஒட்டி ஒரு புளித்த மணம் வந்தால் அது இனி மழை தாங்காது.

கொள்ளுப்பிட்டி அக்கா:

சாப்பாட்டுக்கு வருகிறேன். பணம் கட்டுவதற்கு முன்பே மனைவியின் சாப்பாட்டை எழுத்தில் கேளுங்கள். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதிவிட்டு இருக்க வேண்டாம். மீன் இல்லை, முட்டை உண்டா இல்லையா, இறைச்சி அவித்த சூப் தூள் இல்லை, ஜெலற்றின் இல்லை என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். மலைக்கு நடுவில் வேறு பொதி கிடைக்காது.

இங்கிருந்து கொண்டுபோவதில் கவனம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டு இறைச்சியும் பால் பொருளும் பயணப்பையில் கொண்டுபோகத் தடை. பால்மா, நெய் இரண்டும் இதற்குள் வரும். பச்சைக் கறிவேப்பிலை, பச்சை மிளகாய், தேசிக்காய் சான்றிதழ் இல்லாமல் போகாது. பேரீச்சம்பழத்துக்குப் பிரச்சினை இல்லை. பால்மாவையும் வெண்ணெயையும் கிருனா நகரத்துக் கடையில் வாங்குங்கள்.

பகல் தீனிக்கு எங்கள் சாமான்கள் அருமையாகப் பொருந்தும். பருத்தித்துறை வடை நன்றாக மொறுகப் பொரித்திருந்தால் எட்டு நாளும் கெடாது, பாரத்துக்கு ஏற்ற சக்தியும் உண்டு. நொறுங்காமல் இருக்கப் பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்குங்கள். வறுத்த கச்சான், எள்ளுருண்டை, முந்திரி, பேரீச்சம்பழம். சமபோஷா மாதிரியான சத்துமாவைக் கொதிநீரும் சீனியும் விட்டுக் குழைத்தால் சமைக்கும் வேலையே இல்லை. ஊறுகாய்ப் போத்தல் வேண்டாம், எண்ணெய் உறக்கப்பையில் கசிந்தால் கழுவ வழியில்லை. ருசிக்குக் காய்ந்த இடிசம்பல் போதும். ஆளுக்கு நாளைக்கு 300 கிராம் கணக்கில் தீனியைத் தனித்தனிப் பொதியாகக் கட்டி, நாள் எழுதி வையுங்கள். ஒன்றாகக் கொண்டுபோனால் ஐந்தாம் நாளே முடிந்துவிடும்.

வழியில் சில தங்கிடங்களில் சிறு கடை உண்டு, அலெஸ்யௌரே, செல்கா போல. சிங்கியில் கடை இல்லை. தண்ணீர் சுமக்கத் தேவையில்லை, ஓடைகள் நிறைய, ஒரு லீற்றர்ப் போத்தல் போதும். தங்கிடத்துக்கு மேற்பக்கமாக, தெளிந்து ஓடும் நீரில் எடுங்கள். பனிப்பாறையிலிருந்து வரும் பால்நிற நீரில் அரைபட்ட கல்தூள் இருக்கும், அதை விடுங்கள்.

பம்பலப்பிட்டி வாசி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சப்பாத்தை அழுத்திப் பார்த்தேன், ஒரு பக்கம் வெடிப்பு இருக்கிறது, புதிதே வாங்குகிறோம். இன்னும் இரண்டு கேள்வி. கொழும்பில் இருந்துகொண்டு 17 கிலோ சுமக்க எப்படிப் பழகுவது? நிறுவனத்திடம் முன்கூட்டியே என்னென்ன கேட்க வேண்டும்?

வடதிசை:

மாடிப்படிதான் உங்கள் மலை. ஒன்றரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தலை நிரப்பினால் ஒன்று ஒன்றரைக் கிலோ. நான்கு போத்தலில் தொடங்கி வாரத்துக்கு ஒன்று கூட்டி, பத்துப் போத்தல்வரை போங்கள், 15 கிலோ ஆகிவிடும். மேல்மாடியில் ஊற்றிவிட்டு இறங்க வேண்டாம், இறங்குவதும் சுமையோடேயே. முழங்கால் நோவு வருவது இறக்கத்தில்தான், அதைப் பழக்க வேறு வழியில்லை. பையின் இடுப்புப் பட்டி இடுப்பெலும்புக்கு மேல் இறுகி, பாரத்தில் பெரும்பகுதி அங்கே இறங்க வேண்டும். தோள் நொந்தால் பட்டி கீழே வழுகியிருக்கிறது என்று அர்த்தம். வெள்ளவத்தையிலிருந்து கல்கிசைப் பக்கம் கடற்கரை மணலில் சுமையோடு நடப்பதும் கணுக்காலுக்கு நல்லது. மழைக்கால வார இறுதியில் ஹந்தானை, நக்கிள்ஸ் பக்கம் போய் ஈர உடுப்போடு கூடாரம் அடித்துப் பழகினால் மேலே சொன்ன உலர் உடுப்பு விஷயம் கைவந்துவிடும்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியது: அந்த 17 கிலோவில் பொதுச் சாமான் எத்தனை கிலோ? சின்னச் சுமை, பெரிய சுமை என்று ஆளுக்கேற்ப மாற்றுவார்களா, சமமாகப் பிரிப்பார்களா? வழிகாட்டியிடம் செய்மதித் தொடர்புக் கருவி இருக்கிறதா? பாதையின் பெரும்பகுதியில் கைப்பேசி எடுக்காது. ஒருவருக்கு முடியாமல் போனால் ஒரே வழிகாட்டி என்ன செய்வார், மற்ற ஏழு பேர் எங்கே நிற்பார்கள்? செக்த்யா கணவாய் கிட்டத்தட்ட 1,150 மீற்றர், முழுப் பாதையின் உச்சி. அங்கே காற்று மோசமானால் காத்திருக்க அட்டவணையில் ஒரு நாள் மிச்சம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் வேறு நிறுவனம் பாருங்கள். நாள் மிச்சம் இல்லாத அட்டவணைதான் குழுவைக் கெட்ட வானிலைக்குள் தள்ளும்.

நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளுங்கள். மற்றவர் நடுங்கினால் சூடான இனிப்புப் பானம், காய்ந்த உடுப்பு. பேச்சுக் குழறி, கால் இடறி, ஜிப்பைப் பூட்ட விரல் ஒத்துழைக்காமல் போனால் அந்த நிமிடமே வழிகாட்டியைக் கூப்பிட வேண்டும். குளிர் பிடித்தவர் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்வதை நம்பக் கூடாது.

தெஹிவளை:

விசா பற்றி யாரும் எழுதவில்லை. சுவீடனுக்கு எடுக்க வேண்டிய ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குமான பொது) விசா விண்ணப்பம் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம், கடைசி எல்லை 15 நாள். ஒகஸ்டுக்குப் போகிறவர்கள் ஏப்ரல், மே மாதத்திலேயே கொடுங்கள், கோடையில் விண்ணப்பம் கொடுக்க நாள் கிடைப்பது கடினம். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோ இருக்க வேண்டும். ஆனால் விசாவுக்குப் போதுமான காப்புறுதி மலைக்குப் போதும் என்று நினைக்க வேண்டாம். விலக்குப் பட்டியலில் மலைநடை, தேடுதல், மீட்பு என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று வரி வரியாகப் பாருங்கள். கூடாரத்தில் தங்குவதால் ஹோட்டல் பதிவு இருக்காது, அந்த இரவுகளுக்கு நிறுவனத்திடமிருந்து திகதி வாரியான கடிதம் வாங்கி இணையுங்கள்.

விமானத்தில் கேஸ் உருளை ஏற்றவே முடியாது, அது அங்கே கிடைக்கும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். ஊன்றுகோல் பெரிய பையில்.

பம்பலப்பிட்டி வாசி:

நுளம்புக்கு ஏதாவது வேண்டுமா?

வடதிசை:

ஜூலை என்றால் தலைக்கு வலை இல்லாமல் போகவே கூடாது. ஒகஸ்ட் கடைசியில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனாலும் காற்றில்லாத மாலையில் ஏரிக்கரையில் சின்னக் கடியன் ஈ வரும், டீட் என்ற பூச்சி விரட்டி கலந்த சிறு போத்தல் ஒன்று இருவருக்கும் போதும். அதைக் கையில் பூசிவிட்டு மழை ஜக்கெட்டையோ மூக்குக்கண்ணாடியையோ தொட வேண்டாம், பிளாஸ்டிக்கை அரிக்கும்.