புதுப்பிப்பு: அன்ரனாவுக்கும் டிஷ்ஷுக்கும் ஒரே வயர்

விறாந்தையில் இருந்த தொலைக்காட்சியை உள்ளறைக்கு மாற்றும்போது, அன்ரனாவுக்கும் செய்மதி டிஷ்ஷுக்கும் ஒரே வயர் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போதும் என்று இப்போது உறுதியாகச் சொல்கிறேன்.

கிளிநொச்சியில் எங்கள் வீட்டின் உள்ளறைப் பக்கம் பனைகள் வானத்தை மறைப்பதால் டிஷ்ஷை அசைக்கவில்லை. அன்ரனாவை மட்டும் டிஷ் நிற்கும் பக்கத்துக்குக் கொண்டுவந்து, தெற்கே கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரத்தை நோக்கித் திருப்பினோம். அன்ரனாவின் அலைகள் 862 மெகாஹேர்ட்ஸுக்குள் அடங்குவதாலும், டிஷ்ஷின் முன்னே அலைகளை வாங்கும் எல்என்பி என்ற கருவியிலிருந்து இறங்குபவை 950 முதல் 2150 மெகாஹேர்ட்ஸ் வரை இருப்பதாலும், வயரின் இரு முனைகளிலும் ஒவ்வொரு டிப்ளெக்சரை (இரு வகை அலைகளையும் ஒரே வயரில் சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் சிறு கருவி) பொருத்தினால், இரண்டும் ஒன்றையொன்று குழப்பாமல் ஒரே 75 ஓம் வயரில் வந்து சேருகின்றன.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: டிப்ளெக்சர் வாங்கும்போது அதன் செய்மதி வாய் மின்சாரத்தைக் கடத்துமா என்று கட்டாயம் பாருங்கள். ரிசீவரிலிருந்து அதே வயர் வழியாகத்தான் எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் போகிறது. அது தடைப்பட்டால், டிஷ் எவ்வளவு சரியாக நின்றாலும் படம் வராது. அலைகளை வெறுமனே பங்கிடும் சாதாரண ஸ்பிளிட்டர் இதற்கு ஆகாது.

கூரை இணைப்புகளை மாரிக்கு முன்னரே நீர் புகாத நாடாவால் சுற்றிவிட்டோம். ஈரம் இறங்கினால் செப்புக் கம்பியில் களிம்பு ஏறிவிடும்.