ஜிஞ்சர்பிரெட் வீடு நம்ம ஊர் மழைக்கு நிற்குமா?

குழித்துறை அக்கா:
போன டிசம்பரில் பிள்ளைகளோடு ஜிஞ்சர்பிரெட் வீடு கட்டினேன். சுக்கு, கிராம்பு, பட்டை போட்ட பிஸ்கட் மாவைச் சுவரும் கூரையுமாக வெட்டிச் சுட்டு, முட்டை வெள்ளைக் கருவில் அடித்த ஐசிங்கால் ஒட்டுவது. கருப்பட்டியும் தேனும் தாராளமாகவே சேர்த்தேன். மூன்றாம் நாள் மழை. மறுநாள் காலையில் கூரை நடுவில் தொங்குகிறது, புகைபோக்கி உள்ளே விழுந்து கிடக்கிறது. எறும்பு வேறு. இந்த வருசமும் கட்டணுமாம். மாவில் எதை மாற்றலாம்?

களியக்காவிளைக்காரன்:
ஒன்றும் மாற்ற வேண்டாம் அக்கா, விட்டுவிடுங்கள். ஹீட்டர் போட்டுக் காற்றே காய்ந்து கிடக்கும் வீட்டில் நிற்கிற பலகாரம் அது. நமக்கு முந்திரிக்கொத்து இல்லையா? சிறுபயறு வறுத்துப் பொடித்து, எள்ளு, தேங்காய், சர்க்கரைப் பாகு, ஏலம், சுக்கு சேர்த்து உருட்டி, மூன்று மூன்றாக மாவில் முக்கிப் பொரித்தால் புதுவருசம் வரை டப்பாவில் கிடக்கும். சுக்கு வாசம்தானே வேண்டும், அது இதிலேயே இருக்கிறது. பனியே பார்க்காத ஊரில் எதற்குப் பனி படிந்த கூரை?

பாறசாலை ஓவன்:
அண்ணே, கிறிஸ்துமஸ் கேக்கையும் இப்படித்தான் விரட்டியிருப்பீர்களா? 1883-ல் தலச்சேரியில் மம்பள்ளி பாபு, ஒரு வெள்ளைக்காரர் காட்டிய கேக்கைப் பார்த்து, உள்ளூர்ச் சரக்கை ஊற்றியே செய்து காட்டியதாகச் சொல்வார்கள். இன்று பிளம் கேக் இல்லாத வீடு எது?

இதில் நம் பங்கும் இருக்கிறது. ஜெர்மனியின் நியூரம்பெர்க் இந்த மசாலா ரொட்டிக்குப் பேர்போனது. பக்கத்துக் காட்டில் தேன். மிளகும் இஞ்சியும் மலபார்க் கரையிலிருந்து வெனிஸ் வழியாகப் போனவை. அந்தத் தேனுக்கு மார்த்தாண்டம் தேன் சளைத்ததா? வீடாகக் கட்டுகிற வழக்கம் பிறகு வந்தது. 1812-ல் கிரிம் சகோதரர்களின் கதைப் புத்தகத்தில் ரொட்டி வீடு வந்த பிறகுதான் அது பரவியது என்பார்கள்.

அக்கா, தவறு தேனிலும் கருப்பட்டியிலும்தான். இரண்டும் காற்றின் ஈரத்தை இழுக்கும். தின்கிற பிஸ்கட்டுக்கு அது நல்லது, சுவருக்கு ஆகாது. சுவர் மாவுக்குச் சீனி மட்டும், சோடா உப்பு வேண்டாம். கால் அங்குலத்துக்குத் தேய்த்துச் சுட்டு ஆறவிட்டு, சிறு தீயில் இன்னொரு தடவை காயவையுங்கள். ஒரு முட்டை வெள்ளைக் கருவுக்கு 200 கிராம் ஐசிங் சீனி, இரண்டு சொட்டு எலுமிச்சை. கிண்ணத்தை ஈரத்துணியால் மூடாவிட்டால் மேலே ஆடை கட்டிவிடும்.

களியக்காவிளைக்காரன்:
சரக்கு நம்ம கரையிலிருந்து போனதால் பலகாரமும் நம்மதாகிவிடுமா? சரி, கேக் வழக்கை விட்டுவிடுகிறேன். ஆனால் பச்சை முட்டை ஐசிங்கைப் பிள்ளைகள் நக்கியே தீர்ப்பார்கள். அதற்கு என்ன பதில்?

பாறசாலை ஓவன்:
அது நியாயம். சீனியைத் தண்ணீர் விடாமல் உருக்கி அதில் ஒட்டுங்கள், சட்டென்று பிடிக்கும். ஆனால் கை பொசுங்கும், பெரியவர்கள்தான் செய்ய வேண்டும்.

தக்கலை வாத்தியார்:
சாப்பாட்டுச் சண்டையில் தலையிடவில்லை. மைதா இரண்டு பங்கு, பொடியுப்பு ஒரு பங்கு பிசைந்து மரத்தில் தொங்கவிட நட்சத்திரம் செய்தோம். மழை நாளில் அத்தனையும் வியர்த்தது! உப்பாயிற்றே. நன்றாகக் காயவைத்து வார்னிஷ் இரண்டு கோட் அடித்த பிறகே நின்றது. மூங்கில் கீற்றும் வர்ணத்தாளும் மைதாப் பசையும் வைத்து ஸ்டார் கட்டுவது எவ்வளவோ மேல். குடிலுக்குப் பக்கத்தில் அதைத்தான் கட்டினோம், பல்பு போட்டால் தாளில் ஈரம் நிற்காது.

குழித்துறை அக்கா:
சின்னவளிடம் காட்டினேன். சீனி மாவில் வீடு, வீட்டுக்கு முன்னால் முந்திரிக்கொத்தை அடுக்கி மதில் கட்டலாம் என்கிறாள். களியக்காவிளை அண்ணே, எத்தனை பயறு வறுக்கட்டும்?

களியக்காவிளைக்காரன்:
ஒரு கிலோ. மதிலைத் தின்றுவிடுவார்கள், ஒன்றரையாகவே போடுங்கள்.