மெஷினில் கவர் டிரைவ், மேட்சில் போல்ட்: உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

மேட்டிங் விக்கெட்:

சென்னையில் கீழ் டிவிஷன் கிரிக்கெட் லீக்கில் பதினோரு வருடமாக ஆடுகிறேன். போன வருடம் ரன்னே வரவில்லை என்று ஒரு அகாடமியில் பௌலிங் மெஷினுக்குப் பணம் கட்டினேன். வாரம் இரண்டு நாள், இரண்டு மாதம். வேகத்தை 120 கிலோமீட்டரில் வைத்து, ஆஃப் ஸ்டம்புக்குச் சற்று வெளியே விழும்படி செட் பண்ணிவிட்டால் பந்து ஏறக்குறைய அதே இடத்தில்தான் விழும். கவர் டிரைவ் பறந்தது. பக்கத்து நெட் பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீசனின் முதல் மேட்ச். இடக்கை மீடியம் பேஸர், 110ஐத் தாண்டாத வேகம். மூன்றாவது பந்தில் போல்ட். இரண்டாவது மேட்சிலும் கிட்டத்தட்ட அதேதான். கால் நகர்ந்தது, ஆனால் பந்து வந்து சேர்ந்த பிறகு நகர்ந்தது.

எங்கள் க்ளப் மாஸ்டர் அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு ஒன்றே ஒன்று கேட்டார்: “பால் அவன் கைய விட்டுக் கிளம்பும்போது நீ எங்கடா பாத்துக்கிட்டிருந்தே?” என்னிடம் பதில் இல்லை.

அடுத்த முறை மெஷின் முன்னால் நின்றபோது என்னையே கவனித்தேன். இரண்டு சக்கரம் வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். மெஷின்காரர் பந்தைத் தூக்கிக் காட்டிவிட்டுக் குழாய்க்குள் விடுவார். சக்கரங்களுக்கு நடுவில் பந்து சிக்கியதும் ‘டப்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்டால்தான் என் பேட் மேலே போகிறது! லீக் மேட்சில் யார் ‘டப்’ கொடுப்பார்கள்? இரண்டு மாதமாகக் காசு கொடுத்து நான் கற்றுக்கொண்டது காதால் பேட்டிங் செய்ய.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 120 கிலோமீட்டர் வேகப் பந்து நம்மை அடைய அரை நொடிக்குச் சற்று மேல்தான் ஆகும். அதனால் பௌலரின் ஓட்டம், தோள், மணிக்கட்டு இவற்றை வைத்தே உடம்பு பாதி முடிவை எடுத்துவிடுகிறது. 2000இல் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியாட் என்ற இரு ஆய்வாளர்கள் பேட்ஸ்மேன்களின் கண் அசைவைக் கேமராவில் பதிவு செய்தார்கள். பந்து கிளம்பும் கணத்தைப் பார்த்ததும், அது பிட்ச் ஆகப்போகும் இடத்துக்குக் கண் முன்கூட்டியே தாவி அங்கே காத்திருக்கிறதாம். கெட்டிக்கார பேட்ஸ்மேனுக்கு அந்தத் தாவல் இன்னும் சீக்கிரம் நடக்கிறது. இதில் வேடிக்கை, அவர்கள் சோதித்ததே மெஷின் பந்தில்தான். அதாவது பந்து கிளம்பிய பிறகு நடப்பதை மெஷின் ஓரளவு பழக்கிவிடும். அதற்கு முந்தைய ஓட்டமும் தோளும் மணிக்கட்டும் மெஷினில் கிடையாது.

மெஷினைத் திட்ட வரவில்லை. ஸ்வீப் மாதிரி ஒரே ஷாட்டை இருநூறு முறை ஆடிப் படிய வைக்க அதை விட்டால் ஆள் இல்லை. நான் அதையே மூன்று வேளைச் சாப்பாடு ஆக்கியதுதான் தப்பு. இப்போது பையன் ஒருவன் சைட்ஆர்மில் போடுகிறான். கரண்டி மாதிரி நீளமான பிடி, அதில் பந்தை வைத்து வீசுவது. இந்திய அணிக்குப் பயிற்சியில் ராகவேந்திரா போடுவாரே, அதே சமாச்சாரம். அதில் வேகமும் உண்டு, பார்ப்பதற்கு ஒரு கையும் உண்டு.

உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

கரிசல் ஸ்டிக்:

தம்பி, நான் கோவில்பட்டி, ஹாக்கி. எனக்கு நடந்தது இதற்கு நேர் எதிர்.

நாங்கள் பழகியது மண் கிரவுண்டில். ஒரு பொடிக்கல் போதும், பந்து துள்ளி முழங்காலைப் பதம் பார்த்துவிடும். அதனால் பந்து மட்டையில் வந்து ஒட்டும்வரை கண்ணை எடுக்க மாட்டோம். முதல் தடவை எழும்பூரில் டர்ஃபில், அதாவது செயற்கைத் தரையில், இறங்கினேன். தண்ணீர் தெளித்த தரை. பந்து கோடு போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு வருகிறது, துள்ளலே இல்லை. நான் வழக்கம்போலக் குனிந்து அதையே பார்த்து, அழகாக நிறுத்தி, தலையைத் தூக்குவதற்குள் ஒருவன் தட்டிக்கொண்டு போய்விட்டான். பாதி ஆட்டம் இப்படியே போனது. கோச் வெளியிலிருந்து “தலை! தலை!” என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. கூட முழங்கையில் தோல் உரிந்தது தனிக் கதை.

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் முதல்முறை செயற்கைத் தரை வந்தது. இந்தியா ஏழாவது இடம். உடம்பில் தெம்பு இல்லை, ஓட முடியவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் எங்கே பார்ப்பது என்பதையே புதிதாகப் படிக்க வேண்டியிருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

என் மகன் டர்ஃபிலேயே பழகியவன். பொங்கலுக்கு ஊரில் மண்ணில் ஆடினான். பந்து வரும்போதே தலையைத் தூக்கி யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடுகிறான். பத்தாவது நிமிடம் கணுக்காலில் வாங்கி உட்கார்ந்துவிட்டான். என் அப்பா திண்ணையில் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

பி.டி. வாத்தியார்:

நாங்கள் படிக்கும்போது ஜேம்ஸ் கிப்சன் என்ற அமெரிக்க உளவியலாளரைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சைக்கு நெட்டுரு போட்டதோடு சரி, புரியவில்லை. ஒரு பொருளையோ இடத்தையோ பார்க்கும்போதே இங்கே உட்காரலாம், இதைத் தாண்டலாம், இதை அடிக்கலாம் என்று நம் உடம்பின் அளவுக்கு ஏற்றபடி அது காட்டிவிடுகிறது என்பார் அவர். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெரியவர்கள் பேட்டைக் கொடுத்துப் பாருங்கள், எல்லாப் பந்தையும் தள்ளிவிடுவார்கள். தென்னை மட்டையில் செதுக்கிக் கொடுத்தால் அதே பிள்ளைகள் சுழற்றுவார்கள். எனக்குக் கிப்சன் புரிந்தது அந்தத் தென்னை மட்டையில்தான்.

பெசன்ட் நகர் 5 மணி:

நான் வெறும் ஓட்டக்காரி. என் கதை சின்னது. மூன்று வருடமாக ஜி.பி.எஸ். வாட்ச் பார்த்தே ஓடினேன். ஒரு நாள் பாதி வழியில் சார்ஜ் போய்விட்டது. வேகமாக ஓடுகிறேனா மெதுவாகவா என்றே தெரியவில்லை. மூச்சு வாங்குகிறதா என்று யோசித்துப் பார்த்தேன், அதுவும் சரியாகச் சொல்ல வரவில்லை. இப்போது புதன்கிழமை மட்டும் வாட்சைக் கழற்றி வைத்துவிட்டு ஓடி, நேரத்தை நானே ஊகித்து, வீட்டுக் கடிகாரத்தில் சரிபார்க்கிறேன். முதல் வாரம் ஏழு நிமிடம் தப்பு. போன வாரம் ஒன்றரை.

மேட்டிங் விக்கெட்:

கோவில்பட்டி அண்ணே, உங்கள் அப்பாவின் சிரிப்பை நினைத்து ஆபீஸில் நானும் சிரித்துவிட்டேன். வாத்தியாரே, தென்னை மட்டை இப்போது சென்னையில் எங்கே கிடைக்கும்?

ஞாயிற்றுக்கிழமை அதே இடக்கை பௌலர் வந்தான். கையைப் பார்த்தேன், பந்து உள்ளே வருவதும் தெரிந்தது. 23 ரன். அப்புறம் பார்ட்டைம் ஸ்பின்னரிடம் ஸ்வீப் ஆடப்போய் எல்பிடபிள்யூ.