பீடியை விட்டதாகச் சொல்பவரை ஆய்வில் எப்படி உறுதிசெய்வது: சி.ஓ. மீட்டரா, கோட்டினினா?

நெஞ்சக_முதுநிலை (கேள்வி)

வணக்கம். ஆய்வேட்டுக்கான திட்ட வரைவு எழுதிக்கொண்டிருக்கிறேன். நெஞ்சக ஓ.பி.க்கு வரும், 35 வயதைத் தாண்டிய, புகைக்கும் ஆண்கள் 200 பேர். குலுக்கல் முறையில் இரண்டு பிரிவு. ஒரு பிரிவுக்கு ஸ்பைரோமெட்ரி (ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை) முடிவை "உங்கள் நுரையீரலின் வயது இத்தனை" என்று சொல்லி ஆலோசனை. இன்னொன்றுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். 6 மாதம் கழித்து எத்தனை பேர் விட்டிருக்கிறார்கள் என்பதுதான் முதன்மை முடிவு.

வருபவர்களில் பெரும்பாலோர் பீடிக்காரர்கள். அதில் பலர் வாயில் புகையிலையும் அடக்குகிறார்கள். சிறுநீரில் கோட்டினின் (நிக்கோட்டின் உடலில் சிதைந்து உண்டாவது) பார்க்கும் ஸ்ட்ரிப் வாங்கிவிடலாம் என்கிறார் என் வழிகாட்டி. மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடை ஊதிப் பார்க்கும் சி.ஓ. மீட்டர் ஒன்றும் துறையில் இருக்கிறது. எதை எடுப்பது? சி.ஓ. வெட்டுப்புள்ளி (புகைப்பவர், புகைக்காதவர் என்று பிரிக்கும் எல்லை) சில கட்டுரைகளில் 10 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 10 பங்கு), சிலவற்றில் 6 என்று இருக்கிறது. பீடிக்குப் பேக்-இயர் கணக்கு (நாளுக்கு எத்தனை பாக்கெட் சிகரெட் × எத்தனை வருடம்) போடலாமா?

மூச்சுக்கணக்கு

ஸ்ட்ரிப் வாங்குவதற்கு முன் ஒரு விஷயத்தை முடிவுசெய்யுங்கள். நீங்கள் அளக்கப்போவது "புகைப்பதை விட்டார்" என்பதையா, "புகையிலையையே விட்டார்" என்பதையா? உங்கள் நோயாளிகளிடம் இவை இரண்டும் ஒன்றல்ல. பீடியை விட்டுவிட்டு ஹான்ஸ் (வாயில் அடக்கும் புகையிலை) போடுபவருக்குக் கோட்டினின் பாசிட்டிவாகத்தான் வரும். அவர் நுரையீரல் கணக்கில் வெற்றி, வாய்ப்புற்று கணக்கில் தோல்வி. கோட்டினினை மட்டும் வைத்தால் இவரும் பழையபடி ஒரு கட்டு பீடி பிடிப்பவரும் ஒரே கட்டத்தில் விழுவார்கள்.

நிக்கோட்டின் சூயிங்கம் கொடுப்பீர்கள் என்றாலும் இதே சிக்கல்தான். கம்மில் இருந்து வருவதா, புகையிலையில் இருந்து வருவதா என்று பிரிக்க அனபசின் பார்ப்பார்கள். சிறுநீரில் 2 நானோகிராம்/மி.லி. என்பது வழக்கமான எல்லை. ஆனால் அனபசின் புகையிலைச் செடியிலேயே இருப்பது. கம்மையும் பீடியையும் அது பிரித்துக்காட்டும், ஹான்ஸையும் பீடியையும் பிரிக்காது. அதற்கு வேண்டிய மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியின் செலவும் முதுநிலை ஆய்வேட்டுக்குத் தாங்காது.

ஆகவே முதன்மை முடிவு: புகைக்கவில்லை என்ற வாய்மொழி, கூடவே சி.ஓ. 6 பி.பி.எம்.முக்குக் கீழ். வாய்ப் புகையிலையைத் தனிப் பத்தியில், தொடக்கத்திலும் 6 மாதத்திலும், வகை வகையாகப் பெயர் சொல்லிக் கேட்டு எழுதுங்கள். "புகையிலை போடுவீர்களா" என்று பொதுவாகக் கேட்டால் வெற்றிலையோடு போடுபவர் இல்லை என்றே சொல்வார்.

10 பி.பி.எம். என்பது பழைய எல்லை. நிக்கோட்டின், புகையிலை ஆய்வாளர்களின் எஸ்.ஆர்.என்.டி. அமைப்பு 2002இல் 8 முதல் 10 என்றது. 2020இல் அதை 5 முதல் 6 ஆகக் குறைத்தது. குறைவாகப் புகைப்பவர்கள் கூடிவிட்டதால் பழைய எல்லையில் பலர் தப்பிவிடுகிறார்கள். புகை விடும் ஆய்வுகளில் வெற்றியை எப்படிக் கணக்கிடுவது என்று 2005இல் வந்த ரஸ்ஸல் ஸ்டாண்டர்டு விதிகளில் இன்னும் 10தான் இருக்கும். அதன் மற்ற விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள்: விட்ட நாளுக்குப் பிறகு 2 வாரச் சலுகை, அதற்கப்பால் மொத்தம் 5க்கு மேல் புகைத்திருக்கக் கூடாது, தொடர்பில் இல்லாமல் போனவர் புகைப்பவராகவே கணக்கு. "5 சிகரெட்" என்று அப்படியே எழுதாமல் "5 பீடி அல்லது சிகரெட்" என்று வரைவில் போடுங்கள், பிறகு விவாதம் வராது.

ஆய்வக_ராணி

ஸ்ட்ரிப் பற்றி ஒரு வார்த்தை. சந்தையில் கிடைக்கும் சிறுநீர் ஸ்ட்ரிப்களில் பலவற்றுக்கு எல்லை 200 நானோகிராம்/மி.லி. ஆய்வுக்கு வேண்டியது ஏறக்குறைய 50. கோட்டினினின் அரை ஆயுள் (அளவு பாதியாகக் குறையும் நேரம்) சுமார் 16 மணி நேரம். எப்போதாவது ஒன்றிரண்டு பிடிப்பவர் 200இல் சுலபமாக நெகட்டிவ் ஆகிவிடுவார். வாங்கும் முன் பெட்டியின் மேல் எல்லை எண்ணைப் பாருங்கள்.

ஆனாலும் மூச்சுக்கணக்கு சார் சொன்னார் என்பதற்காகக் கோட்டினினை முழுதாகக் கைகழுவ வேண்டாம் என்பேன். சி.ஓ.வின் அரை ஆயுள் 4 முதல் 6 மணி நேரம்தான். நேற்று காலை புகைத்தவரை இன்று அது பிடிக்காது. வாய்ப் புகையிலையும் இல்லை, கம்மும் இல்லை என்பவர்களுக்கு மட்டும் கோட்டினின் சேர்த்துப் பாருங்கள். அது துணை முடிவு. இரண்டு சோதனையும் ஒத்துப்போகிறதா என்று காட்டினால் அதுவே தனி அட்டவணையாக நிற்கும்.

மூச்சுக்கணக்கு

அந்தத் துணைப் பிரிவு வாய்மொழியால் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை மறக்க வேண்டாம். இரண்டு பிரிவையும் ஒப்பிட அதைப் பயன்படுத்தக் கூடாது. சரிபார்க்க மட்டும் என்றால் சம்மதம்.

ஊதுகுழல்

சி.ஓ. மீட்டர் எளிய கருவிதான், ஆனால் எண் தப்பாக வர வழிகள் நிறைய.

முதலில் நேரம். இரவு 10 மணிக்குக் கடைசிப் பீடி, அப்போது 20 பி.பி.எம். என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை ஆயுள் 5 மணி என்றால் காலை 8க்கு 5 பி.பி.எம்.; உங்கள் எல்லைக்குள் வந்துவிட்டார். தூக்கத்தில் இறங்குவது இன்னும் மெதுவாகத்தான் இருக்கும், ஆனாலும் ஓ.பி. திறந்ததும் ஊதவைப்பது பொய்யான வெற்றியைத்தான் கொடுக்கும். பின்தொடர்தலுக்கு வருபவர்களை வரிசையின் கடைசியில், 11.30க்கு மேல் வையுங்கள். மாலையில் வரவழைக்க முடிந்தால் இன்னும் நல்லது. கடைசியாகப் புகைத்த நேரம், ஊதிய நேரம் இரண்டையும் படிவத்தில் எழுதுங்கள்.

ஊதும் முறை: கருவியை வெளிக்காற்றில் இயக்கிப் பின்புல அளவைக் குறியுங்கள். உட்காரவைத்து, ஆழமாக இழுத்து, 15 விநாடி அடக்கி, மெதுவாக ஒரே சீராகக் கடைசி வரை ஊதச் சொல்லுங்கள். பலூன் ஊதுகிற மாதிரி வேகமாக ஊதினால் ஆழத்துக் காற்று வராமல் எண் குறைந்துவிடும். சில நிமிடம் விட்டு இன்னொரு தடவை. இரண்டையும் எழுதுங்கள், எதை எடுப்பது என்பதை வரைவிலேயே முடிவுசெய்துவிடுங்கள்.

ஆளுக்கு ஒரு ஊதுகுழாய். ஸ்பிரிட் பஞ்சால் கருவியைத் துடைக்கவே கூடாது; ஆல்கஹால் சென்சாரைக் கெடுக்கும். சானிடைசர் தடவிய ஈரக் கையோடு ஊதுவதும் வேண்டாம். வாயில் மது வாடை இருந்தால் வேறு நாளில் பாருங்கள்.

புகைக்காமலே எண் ஏறும் காரணங்களும் உண்டு. விறகடுப்பு, பரோட்டாக் கடை, மூடிய இடத்தில் ஜெனரேட்டர். இவற்றைக் கேட்டு எழுதுங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று: பால் செரிக்காதவர்களின் மூச்சில் ஹைட்ரஜன் வரும், பல மீட்டர்கள் அதையும் சி.ஓ. என்றே எண்ணிவிடும். நம் ஊரில் பால் செரிக்காத பெரியவர்கள் ஏராளம். எந்தப் பழக்கமும் இல்லை என்று உறுதியாகச் சொல்பவருக்கு 12, 15 என்று வந்தால் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டுவதற்கு முன் பாலில்லாமல் இன்னொரு நாள் ஊதவையுங்கள்.

நெஞ்சக_முதுநிலை

மிக்க நன்றி. சி.ஓ.பி.டி. (நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) முற்றியவர்களால் 15 விநாடி அடக்க முடியவில்லை என்றால்?

ஊதுகுழல்

முடிந்த விநாடியை எழுதுங்கள். அடக்கும் நேரம் குறைந்தால் எண்ணும் குறையும். அதனால் தொடக்கத்தில் 8 விநாடி அடக்கியவரை 6 மாதத்திலும் 8 விநாடியே அடக்கச் சொல்லுங்கள்.

வளைவு_வரைபவர்

யாரும் தொடாத இரண்டு இடங்கள் எனக்கு இதைவிடக் கவலையாகத் தெரிகின்றன.

ஒன்று, 200 பேர் போதாது. இதே யோசனையை இங்கிலாந்தில் 561 பேரிடம் செய்து 2008இல் வெளியிட்டார்கள். 12 மாதத்தில், உமிழ்நீர்க் கோட்டினினால் உறுதிசெய்தபின், நுரையீரல் வயது சொல்லப்பட்டவர்களில் 13.6 சதவீதம் விட்டிருந்தார்கள். மற்ற பிரிவில் 6.4. இந்த வித்தியாசத்தை 80 சதவீதத் திறனோடு (உண்மையில் இருந்தால் கண்டுபிடிக்க 80 சதவீத வாய்ப்போடு) பிடிக்க ஒரு பிரிவுக்கே சுமார் 270 பேர் வேண்டும். பிரிவுக்கு 100 பேர் என்றால் 6 சதவீதம் 19 ஆனால்தான் உங்கள் ஆய்வுக்குத் தெரியும். அவ்வளவு பெரிய விளைவை ஆலோசனை மட்டும் தராது. இன்னொரு மையத்தைச் சேருங்கள், அல்லது இதை முன்னோட்ட ஆய்வு என்று நேர்மையாகப் பெயரிடுங்கள்.

இரண்டு, நுரையீரல் வயதின் சூத்திரம். மாரிஸும் டெம்பிளும் 1985இல் கொடுத்தது அமெரிக்க அளவுகளை வைத்து. ஆண்களுக்கு: 2.870 × உயரம் (அங்குலம்), அதில் இருந்து 31.250 × எஃப்.இ.வி.1 (வேகமாக ஊதும்போது முதல் விநாடியில் வெளிவரும் காற்று, லிட்டரில்), பிறகு 39.375 கழிக்க வேண்டும். 165 செ.மீ., அதாவது 65 அங்குலம் உயரமுள்ள 40 வயதுக்காரருக்கு எஃப்.இ.வி.1 3.0 லிட்டர் என்றால் வயது 53 என்று வரும். ஆனால் அந்த உயரத்துத் தமிழருக்கு 3.0 என்பது நோயில்லாதவரிடமும் சாதாரணமாகக் காண்பது. ஒரு தடவைகூடப் புகைக்காதவருக்கும் 13 வயது கூட்டிச் சொல்லிவிடும் கணக்கு இது. நெறிமுறைக் குழு கேட்டால் பதில் இருக்காது. தென்னிந்தியர்களுக்கான சமன்பாட்டை எடுத்து அதிலிருந்து வயதைத் திருப்பிக் கணக்கிடுங்கள்.

ஸ்பைரோமெட்ரியின் தரமும் இங்கே கடிக்கும். அமெரிக்க, ஐரோப்பிய நெஞ்சக அமைப்புகளின் 2019 ஏ.டி.எஸ்./இ.ஆர்.எஸ். விதிப்படி சிறந்த இரண்டு ஊதல்களுக்கு இடையே வித்தியாசம் 150 மி.லி.க்குள் இருந்தால் போதும். மேலே உள்ள சூத்திரத்தில் 150 மி.லி. என்பது ஏறக்குறைய 4.7 வயது! ஆகவே "உங்கள் நுரையீரலுக்கு 58 வயது" என்று துல்லியமாகச் சொல்லாமல் 5 வயது இடைவெளியாகச் சொல்லுங்கள். 3 லிட்டர் சிரிஞ்சால் தினமும் சரிபார்ப்பு, 2.91 முதல் 3.09க்குள். ஊதுவதற்கு முன் ஒரு மணி நேரம் புகைக்கக் கூடாது. மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மருந்து 400 மைக்ரோகிராம் ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழல்) வழியாக, 100 மைக்ரோகிராமாக நான்கு தடவை, பிறகு 15 நிமிடம் கழித்து மறுபடி. 8 ஊதலுக்கு மேல் போக வேண்டாம். 2 வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை முடிந்த பிறகே ஸ்பைரோமீட்டர் பக்கம் அனுப்புங்கள்.

பீடிக்குப் பேக்-இயர் வேண்டாம். ஒரு பீடியில் புகையிலை சிகரெட்டைவிட மிகக் குறைவு, ஆனால் பீடி இலை காற்று விடாததால் அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருக்கிறது. எடையை வைத்துப் "பாதி சிகரெட்" என்று மாற்றுவது புகையின் அளவைச் சொல்லாது. புகைக் குறியீடு போடுங்கள்: நாளுக்கு எத்தனை × எத்தனை வருடம். 20 பீடி, 25 வருடம் என்றால் 500. சிகரெட்டுக்குத் தனிப் பத்தி. கட்டுக் கணக்கில் சொல்பவரிடம் அந்தக் கட்டில் எத்தனை என்றும் கேளுங்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

நெஞ்சக_முதுநிலை

முன்னோட்ட ஆய்வாகவே மாற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. 6 மாதத்தில் நேரில் வராமல் போனில் மட்டும் "விட்டுட்டேன்" என்பவர்களை எங்கே வைப்பது?

மூச்சுக்கணக்கு

புகைப்பவர் பக்கத்தில். 100 பேரில் 30 பேர் விட்டதாகச் சொல்லி, 24 பேர் வந்து ஊதி, 18 பேர் 6க்குக் கீழ் என்றால் முடிவு 18/100. 18/24 என்றும் எழுதக் கூடாது, 18/30 என்றும் எழுதக் கூடாது. போனில் சொன்ன 6 பேரின் எண்ணிக்கையைப் பிரிவுவாரியாக அட்டவணையில் காட்டுங்கள். ஒரு பிரிவில் மட்டும் வராதவர் அதிகம் என்றால் அதை வாசிப்பவர் பார்க்க வேண்டும். வந்துபோகும் பஸ் கட்டணத்தை இரு பிரிவுக்கும் ஒரே மாதிரி கொடுக்கத் திட்டத்தில் இடம் வையுங்கள்.