வீட்டிலேயே "சயின்ஸ் பர்த்டே": 14 பிள்ளைகள், சின்ன ஹால், என்ன செய்யலாம்?

வேளச்சேரி அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் 18 அன்று பெண்ணுக்கு எட்டு வயது முடிகிறது. இளவரசி, யுனிகார்ன் எல்லாம் சலித்துவிட்டதாம், இந்தத் தடவை சயின்ஸ் பர்த்டேதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். வருவது 14 பிள்ளைகள், பெரும்பாலும் இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு, கூடவே மூன்று நான்கு வயதில் தம்பி தங்கைகளும் சிலர். இரண்டாவது மாடி ஃபிளாட், ஹால் சின்னதுதான், ஆனால் மொட்டை மாடியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பார்ட்டி நடத்தித் தருகிற ஒருவரிடம் கேட்டேன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வந்து முக்கால் மணி நேரம் ஷோ காட்டுவாராம், ட்ரை ஐஸ் புகை, லிக்விட் நைட்ரஜனில் ஐஸ்கிரீம், வாசலில் கேஸ் பலூன் எல்லாம் சேர்த்து அவர் சொன்ன தொகையைக் கேட்டு எனக்குத்தான் புகை வந்தது. வீட்டுக்காரர் "கொடுத்துத் தொலைச்சுட்டு நிம்மதியா இரு" என்கிறார், மாமியாருக்கு இப்போதே தரையைப் பற்றிக் கவலை. இதெல்லாம் பாதுகாப்பானதுதானா? நாமே செய்வதென்றால் இரண்டு மணி நேரத்தை எதை வைத்து ஓட்டுவது?

பழைய வாத்தியார்:
பள்ளியில் வேதியியல் எடுத்தவன் என்ற முறையில் முதலில் வேண்டாதவற்றைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. லிக்விட் நைட்ரஜன் வேண்டவே வேண்டாம். அது மைனஸ் 196 டிகிரியில் இருக்கிற திரவம், முழுதாக ஆவியாகாமல் துளி வயிற்றுக்குள் போனாலும் அங்கே விரிந்து குடலைப் புண்ணாக்கும். 2024-ல் லிக்விட் நைட்ரஜனில் முக்கிய புகை பிஸ்கெட் விவகாரம் வந்தபோது தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையே எச்சரித்தது நினைவிருக்கலாம். ட்ரை ஐஸ் என்பது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78 டிகிரி குளிர், வெறும் கையால் தொட்டால் தோல் வெந்தது மாதிரி ஆகிவிடும், பாட்டிலில் போட்டு மூடினால் வெடிக்கும். அதிலிருந்து வரும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, ஏசி போட்டுச் சாத்திய ஹாலில் தரையோடு தேங்கும், அந்த உயரத்தில்தான் உங்கள் மூன்று வயதுக்காரர்களின் மூக்கு இருக்கும். கேஸ் பலூனில் நம் ஊரில் பெரும்பாலும் அடைப்பது ஹைட்ரஜன், ஹீலியம் அல்ல. பக்கத்தில் மெழுகுவத்தி ஏற்றுவதை யோசித்துப் பாருங்கள். கேக் வெட்டும்போது முகத்தில் அடிக்கிற ஃபோம் ஸ்ப்ரேயும் தீப்பிடிக்கிற சமாசாரம்தான்.

இனி செய்யக்கூடியது. எப்படியும் பெண்ணுக்கு ஆரத்தி எடுப்பீர்கள், அதையே முதல் சோதனையாக வைத்துக்கொள்ளுங்களேன். மஞ்சள் கரைத்த தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டதும் ரத்தச் சிவப்பாக மாறுவதைப் பிள்ளைகள் கண் முன்னால் செய்து காட்டுங்கள், பிறகு எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரும்பவும் மஞ்சள். காரம், அமிலம் என்று நாங்கள் லிட்மஸ் தாளை வைத்துக்கொண்டு சொல்லித் தருவதை உங்கள் மாமியார் காலம் காலமாகத் தட்டில் செய்துகொண்டிருக்கிறார், அவரையே செய்யச் சொன்னால் தரையைப் பற்றிய பேச்சும் குறையும். சுண்ணாம்பைப் பெரியவர்கள் மட்டும் தொட வேண்டும், கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகளுக்கு மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த வெள்ளைத் தாளும், ஆப்பசோடா கரைத்த தண்ணீரும், காது குடையும் பட்ஸும் கொடுங்கள், எழுதினால் எழுத்து சிவப்பாக வரும். உடையில் மஞ்சள் பட்டால் சோப்புப் போட்டதும் சிவந்து பயமுறுத்தும், கவலை வேண்டாம், வெயிலில் காயப்போட்டால் மங்கிவிடும்.

ரெண்டு வாலு அம்மா:
வாத்தியார் சார் சொன்ன ஆரத்தி ஐடியா அருமை. நான் நடைமுறையைச் சொல்கிறேன். 14 பேரையும் ஒரே மேசையைச் சுற்றி நிறுத்தினால் முன்னால் நிற்கிற நாலு பேருக்குத்தான் தெரியும், மற்றவர்கள் சோபாவில் குதிப்பார்கள். மொட்டை மாடியில் மூன்று நான்கு இடத்தில் பழைய பாயைப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவரை உட்காரவைத்து, குழுவாகச் சுற்றி வரச் செய்யுங்கள். நான்குக்கு மேல் எதுவும் வைக்காதீர்கள், யூட்யூப் பார்த்து இருபது வைக்கலாம் என்று தோன்றும், வேண்டாம். மாலை 4 மணிக்கு ஆரம்பித்து, வந்ததும் ஏதாவது சாப்பிடக் கொடுத்துவிடுங்கள், பசித்த பிள்ளை நியூட்டனே வந்தாலும் அடங்காது.

பலூன் ஊதும் பாட்டில் நிச்சயம் வையுங்கள். சின்ன தண்ணீர் பாட்டிலில் கால் கப் வினிகர், பலூனுக்குள் ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா, பலூனைப் பாட்டில் வாயில் மாட்டி நிமிர்த்தினால் தானாக ஊதிக்கொள்ளும், இரண்டு பேருக்கு ஒரு பாட்டில் என்றால் சண்டை வராது. அப்புறம் கார்ன்ஃப்ளோர். இரண்டு கப் மாவுக்கு ஒரு கப் தண்ணீர், மெதுவாகக் கை விட்டால் கஞ்சி, ஓங்கிக் குத்தினால் கல். என் சின்னவன் பார்ட்டியில் கேக் வெட்டக் கூப்பிட்டபோதுகூட அந்தத் தொட்டியை விட்டு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஒன்றே ஒன்று, மிச்சத்தை சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் படிந்து அடைத்துக்கொள்ளும், காயவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

குடிக்க நீலச் சங்குப்பூ தண்ணீர். பூவைக் கொதிநீரில் போட்டு வடிகட்டி சர்க்கரை சேர்த்து ஆறவையுங்கள், ஆளுக்கொரு டம்ளரும் எலுமிச்சைத் துண்டும் கொடுத்தால் அவரவர் பிழிந்து நீலத்தை ஊதாவாக மாற்றிக் குடிப்பார்கள். கலர் பொடி கலந்த ஜூஸ் எதற்கு? வெள்ளைக் கோட்டுக்கு அப்பாக்களின் பழைய வெள்ளைச் சட்டை போதும்.

மதுரைக்காரன்:
எல்லாம் சரி, ஆனால் பிறந்தநாளை டியூஷன் ஆக்கிவிடாதீர்கள் என்பது என் கருத்து. நான் போன ஒரு பார்ட்டியில் ஒவ்வொரு சோதனை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளைகள் முகம் தொங்கிப்போனது. யாராவது ஏன் என்று கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். ஷோ என்றாலே கெட்டது என்றும் நினைக்க வேண்டாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் ஊர் ஊராக நடத்தும், வித்தைக்குப் பின்னால் இருக்கும் அறிவியலைச் சொல்கிற மந்திரமா தந்திரமா நிகழ்ச்சியைச் சிறு வயதில் பார்த்துவிட்டு ராத்திரி தூங்காமல் யோசித்தவன் நான். பத்து நிமிடம் பெரியவர் ஒருவர் வித்தை காட்டட்டும், மிச்ச நேரம் அவர்கள் கை அழுக்காகட்டும்.

செலவில்லாத இரண்டு சொல்கிறேன். தடித்த அட்டையில் விரல் நீளப் படகு வெட்டி, பின்பக்கப் பிளவில் ஒரு துண்டு கற்பூரம் செருகித் தாம்பாளத் தண்ணீரில் விடுங்கள், கொளுத்தாமலே ஓடும். கற்பூரம் கரையும் பக்கம் தண்ணீரின் பரப்பு இழுவிசை (மேற்பரப்பு இழுத்துப் பிடிக்கிற விசை) குறைகிறது, எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது. தாம்பாளத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ இருந்தால் ஓடாது, எனவே நன்றாக அலசிவிடுங்கள். கற்பூரம் வாயில் போனால் விஷம், அந்தப் பாயில் கட்டாயம் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். இன்னொன்று பூவரச இலைப் பீப்பீ. தெருவில் மரம் இருந்தால் ஒரு பை இலை போதும், சின்னதாகச் சுருட்டினால் கீச்சென்றும் பெரிதாகச் சுருட்டினால் தடித்தும் சத்தம் வரும். கீழ் வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வேளச்சேரி அம்மா:
அனைவருக்கும் நன்றி. பார்ட்டிக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆரத்திச் செய்தியைச் சொன்னதும் மாமியார் "இது என்ன பெரிய சயின்ஸ்" என்றார், ஆனால் சுண்ணாம்பு வாங்கி வைத்துவிட்டார். இரண்டு சந்தேகம். யூட்யூபில் நுரையாகப் பொங்கி வருகிற யானைப் பற்பசை சோதனை வேண்டும் என்கிறாள், செய்யலாமா? ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு என்ன கொடுக்கலாம்?

பழைய வாத்தியார்:
யூட்யூபில் கூரை வரை பொங்குவது அடர்த்தி அதிகமான ஹைட்ரஜன் பெராக்சைடு, தோலைப் பொசுக்கும், கிட்டேயே போகக் கூடாது. மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீதம் போதும், 6 சதவீதத்தைக் கொடுத்தால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். அதில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் லிக்விட், பிறகு வெதுவெதுப்பான நீரில் கரைத்த ஈஸ்ட். சாதுவாகப் பொங்கி வழியும், கொஞ்சம் சூடாகவும் இருக்கும். நீங்களே கண்ணாடி போட்டுக்கொண்டு ஊற்றுங்கள், பிள்ளைகள் நான்கடி தள்ளி.

இன்னொன்று, உங்கள் தேதி எவ்வளவு அதிர்ஷ்டம் பாருங்கள்! சென்னையில் ஆகஸ்ட் 18ஐ ஒட்டித்தான் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழல் இல்லாமல் போகும். அதேபோல ஏப்ரல் 24ஐ ஒட்டியும். அன்று மேகம் மறைக்காவிட்டால், பகல் 12 மணி தாண்டிப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மொட்டை மாடியில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள், நிழல் அதன் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். பார்ட்டி மாலையில் என்றால் இது உங்கள் பெண்ணுக்கு மட்டுமான பரிசாக இருக்கட்டும்.

ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு ஒரு பூதக்கண்ணாடியும் துளிர் இதழ் ஒன்றும் கொடுக்கலாம், 1987-லிருந்து வருகிற சிறுவர் அறிவியல் இதழ்.

ரெண்டு வாலு அம்மா:
பூதக்கண்ணாடிக்கு என் ஓட்டும். சூரியனைப் பார்க்கக் கூடாது என்று பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பட்டன் பேட்டரி போட்ட லைட் பொம்மையும் குட்டிக் காந்த உருண்டையும் மட்டும் வேண்டாம், வருகிற சின்னதுகள் விழுங்கிவிட்டால் நேராக ஆஸ்பத்திரிதான்.